அம்மாவின் இலையில் உப்பு

பண்டிகையன்று நம் வயசுக்காரர்களின் தட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடையில் பாதி. பாயசம் டம்ளரின் அடியை நனைக்கிற அளவு. கையை வைக்கும் முன்பே மகனோ மகளோ எதிரே வந்து நின்று, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிடுவார்கள். காலையில் ஏரிக்கரையில் நடக்க வருகிற நம் கூட்டத்தில் ஒருத்திக்கு இனிப்பு ஆகாது, ஒருத்தருக்கு எண்ணெய் ஆகாது, இன்னொருத்தருக்கு இரண்டுமே ஆகாது. ஆனால் நடக்கிற முக்கால் மணி நேரமும் பேச்சு என்னவோ அதிரசத்தைப் பற்றித்தான். நானும் சளைக்காமல் பேசுவேன். பள்ளிக்கூடத்திலேயே வாயாடி என்று பேர் வாங்கியவள் நான்.

அப்படிப் பேசும்போது என் அம்மாவின் கதையை உங்களில் பாதிப் பேருக்காவது சொல்லியிருப்பேன். யாராவது ஊறுகாய் என்று வாயைத் திறந்தால் போதும், "எங்கம்மா உப்புக்கு ஆசப்பட்டே போய்ச் சேந்தா, தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவேன். நீங்களும் உச்சுக் கொட்டியிருக்கிறீர்கள். அந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். திருத்திச் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே சொல்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெருநகர் என்கிற ஊரிலிருந்து செய்யாற்றுப் பக்கம் இறங்கும் வழியில் எங்கள் தெரு. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, புருஷன் செத்தபிறகு எங்களோடு வந்துவிட்டாள். அவள் வந்த நாளிலிருந்து அடுப்படி அவளுடையது. தம்பிக்கு இரண்டு வயது, இன்னும் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காதவன். இவ்வளவுதான் வீடு.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வேலைக்குப் போக வழியில்லாமல் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அப்போதுதான் அம்மாவின் முகம் உப்பத் தொடங்கியது. காலையில் எழுந்தால் கண் பாதி மூடியிருக்கும். சாயந்திரத்துக்குள் முகத்து வீக்கம் வடிந்து காலுக்கு இறங்கிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். நான் வரிசையாக ஏழு குழி போட்டு அதில் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடுவேன். அம்மா காலை நீட்டிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு வலித்ததா என்று நான் கேட்டதில்லை.

உத்திரமேரூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். பிறகு நைனாவைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "உப்பு ஒரு கல்லுகூட ஆகாது. கருவாடு, அப்பளம், ஊறுகாய் எதுவும் கிட்ட வரக்கூடாது."

"தீவாளி வருதுங்களே" என்றார் நைனா.

"தீபாவளி, பொங்கல் எல்லாத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் உப்பில்லாமல் சமைப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். காரியத்தன்று வீட்டுக்கு வெளியே மூன்று கல் கூட்டி, உப்புப் போடாமல் சோறும் குழம்பும் ஆக்கி இலையில் படைப்பார்கள். அந்தப் பானை வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது. உப்பில்லாத உலை வீட்டுக்குள் கொதித்தால், அது யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி என்பது அத்தையின் கணக்கு.

"நல்ல நாளும் அதுவுமா இந்த அடுப்புல எயவு சோறா வடிக்கச் சொல்ற?" என்றாள் நைனாவிடம்.

"டாக்டரம்மா சொல்றாங்களேக்கா."

"சொல்லட்டும். அவங்க வூட்டு அடுப்பா இது?"

நைனா எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. அன்று சாயந்திரமே தோட்டப் பக்கம் முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்தார். மழை விழாமல் இருக்க நாலு கழி நட்டு, மேலே பனையோலை போட்டார். அம்மா தனியாக ஆக்கிக்கொள்ளலாம், அக்காவின் அடுப்புக்கும் பழுதில்லை, டாக்டரம்மாவின் சொல்லும் நிற்கும். எல்லாருக்கும் நல்லதைச் செய்துவிட்ட திருப்தியோடு கையைக் கழுவிக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செத்தவர்களுக்கு அடுப்பு மூட்டுகிற மாதிரியே பெண்டாட்டிக்கும் மூட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆக்குவது மட்டும்தான் வெளியே என்று முதலில் பேச்சு. தீபாவளியன்று சாப்பாடும் வெளியே போய், பிறகு தினமும் அங்கேதான் என்றாகிவிட்டது. உப்பில்லாத பானையில் சாப்பிடுகிறவள் நல்ல நாளில் வரிசையில் உட்காரக்கூடாது என்றாள் அத்தை. எங்களுக்கு வருஷத்தில் இட்டிலி கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். கறிக் குழம்பின் வாசனை தெரு முனைவரை போகும். நாங்கள் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தோம். அம்மா ஓலைக்குக் கீழே, வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உப்பில்லாத பூசணிக்காய்க் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை ஈரமாக இருந்தது. தம்பி கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நின்றுவிட்டு, கறி கிடைக்கிற இடம் எதுவென்று தெரிந்துகொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டான்.

"அம்மா ஏன் அங்க சாப்புடுது?" என்று அத்தையிடம் கேட்டேன்.

அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டே, யோசிக்காமல், "அது செத்தவங்க சாப்பாடுடி" என்றாள்.

"உயிரோட இருக்கறவங்க அத தின்னா?"

"நல்ல நாளுல வாய மூடிக்கினு துண்ணு."

பெரியவர்கள் பதில் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நானே ஒரு பதிலைச் செய்துகொண்டேன். செத்தவர்களின் சோற்றைத் தின்னத் தின்ன அம்மா செத்துப் போவாள். அதுவும் நல்ல நாளில் தின்றால் கட்டாயம் போய்விடுவாள். யாருக்கும் இதில் கவலை இல்லை. நைனா ஓலை போட்டுக் கொடுக்கிறார், அத்தை குழம்பு ஊற்றுகிறாள், டாக்டரம்மாவே தின்னச் சொல்கிறார். அந்த ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு எவ்வளவு தனியாக இருந்தேன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை கேட்டேன். அவள் மரத்தடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ செத்துடுவியாம்மா?"

கை நின்றது. "யாரு சொன்னா? அத்தையா?" என்றாள். "அவங்க கெடக்கறாங்க. உப்ப நிறுத்துனா ஒடம்புல கீற தண்ணி எறங்கும். அவ்ளோதான். போயி வெள்ளாடு."

நான் நம்பவில்லை. சாகப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வார்களா என்ன?

பெரிய கார்த்திகையன்று முதல் தடவை செய்தேன். எங்கள் வீட்டு உப்பு ஒரு பழுப்புப் பீங்கான் ஜாடியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். பாயின் மளிகைக் கடை வாசலில் வைத்திருக்கிற கோணி மூட்டையிலிருந்து மரப்படியில் அளந்து வாங்கி வந்த கல்லுப்பு. மழைக்காலத்தில் அது கசிந்து, ஜாடியின் அடியில் ஈரமாகவே இருக்கும். கையை விட்டால் விரல் பிசுபிசுக்கும். அத்தை அகலுக்குத் திரி திரிக்கப் போன சமயம் பார்த்து ஆறு கல் எடுத்துப் பாவாடை மடிப்பில் சுருட்டிக்கொண்டேன். ஏன் ஆறு என்று கேட்காதீர்கள், கையில் வந்தது ஆறு.

தம்பி எங்கோ விழுந்து அழுதான். "குயம்பப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா உள்ளே ஓடினாள். ஆறையும் போட்டு அகப்பையால் கலக்கினேன். கல் பானையின் அடியில் கரகரவென்று உருண்டு, பிறகு சத்தம் அடங்கியது. அவள் திரும்பி வந்ததும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வாயை வைத்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். சுட்டுவிட்டது என்று நினைத்தேன். மெல்ல விழுங்கினாள். பானையைப் பார்த்தாள், வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"நல்லா கீதாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா கீது" என்றாள். "நீ போயி சாப்புடு. அவங்கல்லாம் ஒக்காந்துட்டாங்க பாரு."

நான் போகவில்லை. அவள் தின்று முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் பாதிச் சோற்றைக் கோழிக்குப் போடுகிறவள், அன்று தட்டை வழித்துத் தின்றாள். எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். செத்தவர்களின் சோற்றை நான் உயிரோடிருப்பவர்களின் சோறாக மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி சொக்கப்பனை கொளுத்தியபோது, தெருவில் எல்லாப் பிள்ளைகளைவிடவும் உரக்கக் கத்தியது நான்தான்.

நல்ல நாளில் மட்டும் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமையும் நல்ல நாள்தானே என்று தோன்றியது. அப்புறம் அமாவாசை. மார்கழி பிறந்தபின் மாதமே நல்ல மாதம் என்றார்கள், ஆகவே தினமும் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன், ஜாடிக்குப் போவேன், மரத்தடிக்குப் போவேன், எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்ப்பேன். அந்த நாட்களில் அம்மாவும் நானும் பேசிக்கொண்டது குறைவு. மழைத் தண்ணீர் ஓலையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். அவள் தின்பாள், நான் பார்ப்பேன்.

வீக்கம் ஏறிக்கொண்டே போனது. காலில் பல்லாங்குழி ஆட முடியவில்லை, தோல் மினுமினுவென்று இழுத்து நின்றது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. மறுபடி உத்திரமேரூருக்கு பஸ் ஏறினோம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் தூக்குவாளியைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், நைனாவை நிமிர்ந்து பார்த்தார். "உப்பு குடுக்கறீங்களா?"

"இல்லீங்கம்மா. அதுக்குன்னு தனி அடுப்பே போட்டுக் குடுத்துக்கீறேன். உப்பு ஜாடிகூட அங்க கெடையாது."

"அப்புறம் எப்படி இவ்வளவு ஏறும்? உண்மையச் சொல்லும்மா. சேத்துக்கறியா?"

அம்மா சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஆமாங்கம்மா. நான்தான் போட்டுக்கினேன். நாக்கு கேக்கல."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, அம்மாவும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் போட்டது வெறும் ஆறு கல், மிச்சமெல்லாம் அவள் போட்டது. இப்படித்தான் அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது, இப்படியேதான் அறுபது வயதுவரை வைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த உப்புதான் உன்னக் கொல்லுது, புரியுதா?" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். நான் தூக்குவாளியின் மூடியை இறுக்கி அமுக்கிக்கொண்டேன். அன்றோடு நிறுத்திவிட்டேன். கிளம்பும்போது நைனாவிடம் அவர் ஒரு வழி சொன்னார். "தனியா எதுக்குச் சமைக்கறீங்க? எல்லாருக்குமே உப்பில்லாம ஆக்கிடுங்க. வேணுங்கறவங்க தட்டுல போட்டுக்கட்டும். அவங்களும் உங்களோட ஒக்காந்து சாப்பிடுவாங்க இல்ல."

நைனா தலையை ஆட்டினார். அதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அத்தை ஒத்துக்கொண்டிருப்பாளா, தெரியாது. சொல்லியாவது பார்த்திருக்கலாம்.

திருட்டுச் சேதி மட்டும் சொல்லப்பட்டது. அத்தை ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். "ஊருக்கே பேஜாரு. தனி அடுப்பு, தனி ஓல, ராசாத்தி மாரி வெச்சிக்கினோம். திருடித் துண்ணுக்கீது பாரு" என்று தெருவே கேட்கச் சொன்னாள். அம்மாவுக்கு அன்றிலிருந்து உப்புத் திருடி என்று பேர். அத்தை கோபத்தில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், கடைசியில் நைனாகூட ஒரு தடவை சொல்லிவிட்டார்.

நானும் சொன்னேன். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னேன். தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். "அம்மா யாரு? சொல்லு. உப்புத் திருடி." அவன் மழலையில், "உப்புத் தியுடி" என்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்தாள். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி சொல்லுடா" என்று கேட்டாள்.

அந்தப் பொங்கலை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும். வாசலில் புதுப் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு. பால் பொங்கி வழிந்தபோது அம்மா தோட்டப் பக்கத்திலிருந்தே பொங்கலோ பொங்கல் என்று சொன்னது கேட்டது. மூச்சு வாங்க அதை இரண்டு துண்டாகச் சொன்னாள். பூசணி, மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட குழம்பு, வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல். அத்தை ஒரு இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்து என்னிடம் கொடுத்து, "கொண்டு போயி குடு. இதுலதான் உப்பு இல்லியே, துண்ணட்டும்" என்றாள். கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து தின்றாள்.

அதில் உப்பில்லை என்று அத்தைக்கே தெரிந்திருக்கிறது. வீட்டு வாசலில், அத்தையின் கையால், நல்ல நாளில் ஆக்கிய உப்பில்லாத சோறு அது. அதற்கு எழவு என்று பேர் இல்லை. அந்த ஒரு வாய்க்காவது அம்மா உள்ளே வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்திருக்கலாம். நைனாவுக்கும் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை, இலையைக் கையில் வைத்திருந்த எனக்கும் தோன்றவில்லை. கெட்டவர்கள் யாரும் இல்லை அந்த வீட்டில். எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியத்தன்று அத்தை அதே மூன்று கல்லில் உலை வைத்தாள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. இலை போட்டுப் பரிமாறிவிட்டு எழுந்து போனவள், ஏணி வைத்துப் பரண்மேல் ஏறி அந்த ஜாடியை இறக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கை நிறைய உப்பை அள்ளி இலை ஓரத்தில் குவித்தாள்.

"இன்னாம்மா பண்ற? படையல்ல உப்பு வெக்கறதா?" என்றார் ஒரு பெரியவர்.

"வெப்பேன்" என்றாள் அத்தை. "ஒரு புடி உப்புக்கு அவளத் திருடின்னு சொன்ன வாயி இது. துண்ணுடி. வேணுங்கற மட்டும் துண்ணு. இனிமே ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க." அத்தை அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஊரில் வேறு யாரும் செய்யமாட்டார்கள், நாங்கள் மட்டும் அம்மாவின் திதிக்கு இலையில் உப்பு வைப்போம். அத்தை இருந்தவரை அவள் வைத்தாள். பிறகு நான் என் வீட்டில் வைத்தேன். தம்பி கல்யாணம் ஆகி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போனபோது, அவன் பெண்டாட்டியை உட்காரவைத்துக் கதையைச் சொல்லி, எவ்வளவு உப்பு, இலையில் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில் எனக்கும் உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் அறிவுரை சொல்லியே கொன்றுவிடுவீர்கள். என் மகள் அதற்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. குடும்பத்துக்கே உப்பில்லாமல் ஆக்கி, சாப்பாட்டு மேஜை நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பும் ஒரு கரண்டியும் வைத்துவிட்டாள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு நாள் முகம் சுளித்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. இதற்காகவா அம்மா பங்குனிவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்று அன்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அது பெரிதில்லை.

தீபாவளியன்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். குழம்பை ஊற்றி முதல் வாய் வைத்தேன். வைத்ததுமே தெரிந்துவிட்டது. நாக்கின் ஓரமெல்லாம் சுரீர் என்றது.

"உப்பு போட்டியா?" என்றேன்.

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கை பழக்கத்துல ஒரு சிட்டிக உழுந்துடிச்சிம்மா. அவ்ளோ பெரிய பாத்திரத்துல ஒரு சிட்டிக. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஆறு பேருக்கு ஆக்கிய பாத்திரத்தில் ஒரு சிட்டிகை. அது எனக்கு அப்படித் தெரிந்தது. ஒரு ஆளுக்கு ஆக்கிய பானையில் ஆறு கல்.

நான் எழுந்துவிட்டேன். உப்பு விழுந்ததற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று மகள் நினைத்தாள். அதற்குத் தனியாக ஒரு அழுகை, ஒரு சமாதானம் எல்லாம் நடந்தது. நான் எதையும் விளக்கவில்லை. கார்த்திகையன்று முதல் வாயிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பானையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? நீ செத்துடுவியா என்று கேட்டவள் நான் ஒருத்திதானே. ஏன் போடுகிறேன் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தின்றிருக்கிறாள். டாக்டரம்மாவிடம் என் திருட்டைத் தன் திருட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

ஏன் தின்றாள் என்று இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அத்தை என் தோலை உரித்திருப்பாள், அதனால் இருக்கலாம். கொட்டிவிட்டால் அன்றைக்கு வேறு சோறு இல்லை, அதனாலும் இருக்கலாம். அந்த மரத்தடியில் அவளோடு வந்து உட்கார்ந்த ஒரே ஆள் நான், என் முகம் வாடக்கூடாது என்று நினைத்திருக்கலாம். உண்மையிலேயே நாக்குக்குப் பிடித்தும் இருக்கலாம், அதை நான் மறைக்கமாட்டேன். உப்பில்லாமல் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு உப்பை நிறுத்தினாலும் பிழைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்த நர்ஸ் பெண் ஒருத்தி சொன்னாள். அவள் நல்ல பெண், ஆறுதலுக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம். அம்மா உப்புத் திருடி இல்லை. ஒரு கல்லைக்கூட அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. எடுத்ததெல்லாம் நான். அந்தப் பேரைத் தெருவுக்கும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பரப்பியதும் நான்.

யாரிடம் போய்ச் சொல்வது? நைனா இல்லை. அத்தை இல்லை. அந்தத் தெருவில் இருந்தவர்கள் இல்லை. இந்தப் பங்குனியில் திதி நெருங்கியபோது, மிச்சம் இருக்கிற ஒரே ஆளான தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்கே இப்போது பேரப்பிள்ளை வந்தாயிற்று. கார்த்திகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "இந்த வருசத்துலேர்ந்து எலயில உப்பு வெக்காதடா. அம்மா கேக்காத உப்பு அது" என்றேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஒம்பது வயசுல உனுக்கு இன்னாக்கா தெரியும்" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "எனுக்கு அம்மா மொகம் ஞாபகம் இல்லக்கா. ஒரு போட்டோகூட கெடையாது. அம்மாவப் பத்தி நீ சொன்ன அந்த ஒண்ணுதான் எனுக்குத் தெரியும். வருசா வருசம் அந்த உப்ப அள்ளி வெக்கும்போதுதான் எனக்கும் அம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்கன்னு தோணும். அதயும் வெக்காதன்ற."

"ஆமாண்டா."

"செரிக்கா. அப்ப அம்மாவுக்கு இன்னா புடிக்கும்னு சொல்லு, அத வெக்கறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கார்த்திகையும் மார்கழியும் எதிரே உட்கார்ந்து அவள் தின்ற ஒவ்வொரு வாயையும் பார்த்தவள் நான். தம்பி அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.